கிளம்பாத மிலிட்டரி லாரி: பீளமேட்டுப் பட்டறை காட்டிய வழி

சூலூர் பக்கமிருந்து அவிநாசி சாலையைப் பிடித்துக் கோவைக்குள் வருகிறவர்களுக்கு இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. கோல்டுவின்ஸில் மேம்பாலத்தில் ஏறினால் உப்பிலிபாளையத்தில் இறங்கிவிடலாம். 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது; ஜி.டி. நாயுடுவின் பெயர் வைத்திருக்கிறார்கள். நகரத்துக்குள் அவசர வேலை இருப்பவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் எஞ்சின், மோட்டார், பம்ப் என்று வேலை இருக்கிற விவசாயி கீழ்ச்சாலையில்தான் வரவேண்டும். அவர் தேடி வருகிற பீளமேடு பாலத்துக்குக் கீழே இருக்கிறது.

கீழ்ச்சாலையில் வரும்போது ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தின் பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. விமான நிலையத்துக்குத் திரும்பும் இடத்துக்குச் ‘சித்ரா’ என்று பெயர். அது பெண் பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்தான் சித்ரா. அடுத்து ‘ஹோப் காலேஜ்’. அங்கே இறங்கித் தேடினால் அந்தப் பெயரில் கல்லூரி எதுவும் இருக்காது. 1945-ல் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஜி.டி. நாயுடு. அந்தக் கல்லூரி பிறகு தடாகம் சாலைக்குப் போய், இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. பெயர் மட்டும் பஸ் நிறுத்தத்தில் தங்கிவிட்டது.

பீளமேட்டின் பழைய பெயர் பூளைமேடு. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து வைக்கிறோமே, அந்தப் பூளைப்பூ நிறைந்த மேடு. பி.எஸ்.ஜி. என்ற மூன்று எழுத்தில் முதல் எழுத்தே ‘பூளைமேடு’தான். பூளைமேடு சாமநாயுடு கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நான்கு பேர் 1926-ல் தங்கள் சொத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். தொழிற்கூடம், பள்ளி, கல்லூரிகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

கிணறு வளர்த்த தொழில்

பூளைப்பூ பூத்த மேட்டுக்காட்டில் பட்டறைகள் ஏன் முளைத்தன? அதற்கு முக்கியமான ஒரு காரணம் நம் கிணறுகள்தான். கொங்கு மண்ணில் மழை குறைவு, பாறை அதிகம். வெடி வைத்து, சட்டி சட்டியாகக் கல் சுமந்து தோண்டிய கிணறுகள். கவலை ஓட்டி மாட்டைக்கொண்டு இறைத்த காலம் வரை ஆழத்துக்கு ஓர் எல்லை இருந்தது. பிறகு ஆயில் எஞ்சின் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. 1937-ல் சூலூருக்குப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடுவும், டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று கோவைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வது அதைத்தான். மோட்டார் வந்ததும் பம்ப், பம்ப் வந்ததும் வார்ப்படப் பட்டறை, லேத்து, வைண்டிங் கடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அதனால் இங்கே உள்ள பழைய மெக்கானிக்குகளிடம் பேசினால், எந்த எஞ்சினைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் கிணற்றில் வந்து நிற்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு உதவி என்பதை ஒரு லாரி விஷயத்தில் பார்த்தேன்.

சுல்தான்பேட்டை வட்டாரத்திலிருந்து வாசகர் ஒருவர் கேள்வி பகுதிக்கு எழுதியிருந்தார். “ராணுவத்திலிருந்து ஏலத்தில் வந்த பழைய சக்திமான் லாரி எங்களிடம் இருக்கிறது. தண்ணீர் டேங்க் வைத்துத் தோப்புக்குள் ஓட்டுகிறோம். மூன்று மாதமாக நிறுத்தியிருந்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் பம்பும் நாசில்களும் போய்விட்டன, ஐந்து இலக்கத்தில் செலவாகும் என்கிறார்கள். காயலான் கடையில் எடை போட்டுவிடலாமா?”

எனக்கு வேளாண்மைதான் பாடம். லாரி எஞ்சின் இல்லை. ஆனால் அவர் தோப்பில் நூறு தென்னை இருக்கிறது. கோடையில் வளர்ந்த மரம் ஒன்றுக்கு, சொட்டுநீரில் விட்டால்கூட நாளொன்றுக்கு 50 லிட்டர் வேண்டும். நூறு மரத்துக்கு 5,000 லிட்டர். அதாவது ஒரு டேங்கர். லாரி நின்றால் தினம் ஒரு டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். வாங்க முடியாத நாளில் குரும்பை கொட்டும். இது பயிர்ப் பிரச்சினையும்தான். அந்த விவசாயியையும் அவர் மகனையும் அழைத்துக்கொண்டு பீளமேட்டில் ஒரு சிறு பட்டறைக்குப் போனேன். டீசல் பம்பைக் கழற்றிக் கொண்டுவந்து செட் செய்ய என்ன ஆகும் என்று விலை கேட்பதுதான் திட்டம்.

சக்திமான் எப்படிப்பட்ட வண்டி

இளையவர்களுக்காக அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம். ஜெர்மனியின் மேன் நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1959-ல் ஜபல்பூரில் உள்ள ராணுவத் தொழிற்சாலையில் சக்திமானைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1969-ல் இதற்கென்றே ஜபல்பூரில் வாகனத் தொழிற்சாலை அமைந்தது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். நான்கு சக்கரமும் இழுக்கும். 1990-களுக்குப் பிறகு அசோக் லேலண்ட் ஸ்டாலியன் அந்த இடத்துக்கு வந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் வெலிங்டன் முகாமுக்கு ஏறுகிற பச்சை வண்டிகளில் இன்று ஸ்டாலியனைத்தான் அதிகம் பார்க்கலாம். கழிக்கப்பட்ட சக்திமான்கள் ஏலம் வழியாக வெளியே வந்து, மரம் இழுக்கவும், தண்ணீர் சுமக்கவும், சேற்றுத் தடத்தில் பாரம் ஏற்றவும் பயன்பட்டன.

இந்த எஞ்சினில் டீசலைப் பிஸ்டன் தலையில் உள்ள உருண்டைக் குழியின் சுவரில் படியும்படி பீய்ச்சுவார்கள். அது ஆவியாகி எரியும். அதனால் சத்தம் அடக்கமாக இருக்கும். அமெரிக்க ராணுவத்தின் எம்-35 லாரியில் வந்த பல எரிபொருள் எஞ்சினும் இதே ஜெர்மன் முறையில்தான் எரிகிறது. எரிக்கிற முறை ஒன்றாக இருந்தாலும் டீசலை டாங்கியிலிருந்து கொண்டுவரும் முறை இரண்டிலும் வேறு. அதைத்தான் அந்த மெக்கானிக் கிணற்றை வைத்து விளக்கினார்.

மூன்று கேள்விகள்

அறுபதைத் தாண்டிய மனிதர். விலையைச் சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்டார்.

“ஏனுங்க, வண்டி கடைசியா எப்பங்க ஓடுச்சு?”

“ஐப்பசியில ஓடுனதுங்கண்ணா. மழை பேஞ்சதும் தண்ணி வேல இல்லீங்க. மாசி மாசம்தான் எடுத்துப் பார்த்தம்.”

“நிறுத்துறப்ப தானா நின்னுச்சா, நீங்களா நிறுத்துனீங்களா?”

“நல்லாத்தான் ஓடுச்சுங்க. நாங்களாத்தான் நிறுத்துனம்.”

“இப்ப செல்ஃப் அடிக்கறப்ப சைலன்சர்ல புகை வருதுங்களா?”

அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது இதுதான்: “பம்பைக் கொண்டாந்தீங்கன்னா பெஞ்சுல போட்டு செட் பண்ணித் தாரனுங்க, காசும் வாங்கிக்குவன். ஆனா டேங்குல இருந்து வர்ற குழாய்ல காத்து இழுத்துதுன்னா, புதுப் பம்பு மாட்டுனாலும் வண்டி கெளம்பாதுங்க. நல்லா ஓடுன பம்பு சும்மா நின்னா தேயாது. நின்ன மூணு மாசத்துல என்ன மாறும்? காத்து ஏறும், தண்ணி எறங்கும், அழுக்குப் படியும், ஏதாவது ஒட்டிக்கும். அதை மொதல்ல பாருங்க.”

பிறகு கிணற்றுக்கு வந்தார். “உங்க பழைய கெணத்துல மோட்டாரை மேல வெச்சிருந்தீங்களா, உள்ள மேடை போட்டு வெச்சிருந்தீங்களா?”

“உள்ள மேடை போட்டுத்தானுங்க.”

“எதுக்கு?”

“தண்ணி கீழ போயிருச்சுன்னா மேல இருந்து இழுக்காதுங்களே.”

“உறிஞ்சற குழாய்ல ஒரு பொத்தல் இருந்தா தண்ணி ஒழுகுமா?”

“ஒழுகாதுங்க. காத்து இழுத்துக்கும். மோட்டார் ஓடும், தண்ணி வராது.”

“அதேதானுங்க உங்க லாரியும்.”

சக்திமானில் டாங்கி சேஸிஸ் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கிறது. எஞ்சினோடு இருக்கும் ஃபீட் பம்ப் அங்கிருந்து டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, டீசல் பம்புக்குக் கொடுக்கிறது. நாம் கிணற்றில் வைத்த மோட்டாரைப் போல. உறிஞ்சும் குழாயில் விரிசல் விழுந்தால் கீழே ஒரு சொட்டு டீசல்கூடத் தெரியாது. காற்று உள்ளே போகும். குழாயில் நின்ற டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும். அந்த அமெரிக்க லாரியில் டாங்கிக்குள்ளேயே மின்பம்ப் இருக்கிறது. அது சப்மெர்சிபிள் மாதிரி, கீழிருந்து தள்ளும். அதில் குழாய் ஓட்டையானால் டீசல் வெளியே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உறிஞ்சும் வண்டியில் நாம்தான் தேட வேண்டும்.

தோட்டத்தில் நடந்த சோதனை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே தன் ஸ்பேனர் பையோடு தோட்டத்துக்கு வந்தார். அவர் செய்த வரிசையை அப்படியே தருகிறேன். ஆயில் எஞ்சினுக்கும் பழைய வகை டீசல் வண்டிகளுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

வேலையைத் தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தார். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

1. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பேட்டரி தளர்ந்து மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. எனவே முதலில் பேட்டரியை சார்ஜ் ஏற்றி, முனைகளைச் சுரண்டி இறுக்கினார். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடித்தால் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். “கெளம்பற வரைக்கும் அடிக்கிறேன்” என்று இறங்கினால் பேட்டரியும் போகும், செல்ஃபும் போகும்.

2. புகை வருகிறதா? மகனைச் சைலன்சர் பக்கம் நிறுத்திவிட்டு செல்ஃப் அடித்தார். புகையே இல்லை. இந்த ஒரு சோதனை வேலையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். அப்போது மெதுவான சுற்று, கம்ப்ரஷன், டைமிங், டீசலில் தண்ணீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. மேற்கொண்டு தேட வேண்டியது டாங்கிக்கும் நாசிலுக்கும் இடையில் மட்டும்.

3. நிறுத்தும் லீவர் திரும்பியிருக்கிறதா? பழைய டீசல் வண்டியை நிறுத்த ஒரு ஒயரை இழுப்போம். அது டீசல் பம்பில் உள்ள லீவரைத் திருப்பி டீசலை அடைக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஒயர் துருப்பிடித்து லீவர் அடைத்த நிலையிலேயே நின்றுவிடும். இங்கே ஒயர் இறுக்கமாக, லீவர் பாதி மட்டும் திரும்பி இருந்தது. ஒயரைக் கழற்றி, லீவரைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துத் தளர்த்தினார். மீண்டும் செல்ஃப் அடித்தார். இன்னும் புகை இல்லை. கோளாறு ஒன்றோடு நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

4. கையால் அடித்தால் என்ன வருகிறது? ஃபீட் பம்பின் மேல் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகித் தளர்த்தினால் கைப்பம்பு போல அடிக்கலாம். ஃபில்டரின் மேலே உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கீழே துணியைப் பிடித்து, அடித்தார். மூன்று விதமாக வரலாம். நுரை கொஞ்சம் வந்து பிறகு சுத்தமான டீசல் ஒழுங்காக வந்தால், இருந்த காற்று வெளியேறிவிட்டது. எதுவுமே வராவிட்டால் அடைப்பு, அல்லது டாங்கியில் டீசல் இல்லை, அல்லது ஃபீட் பம்பின் வால்வு பிடிக்கவில்லை. எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காவிட்டால், உறிஞ்சும் வழியில் எங்கோ காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது. நூறு தடவை அடித்தும் இங்கே நுரை நிற்கவில்லை.

5. டாங்கியை ஒதுக்கிப் பார்ப்பது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, ஃபீட் பம்பை விட உயரத்தில் வைத்து, அதிலிருந்து புது ஹோஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்பின் வாயில் மாட்டினார். பழைய குழாயும் டாங்கியும் இப்போது கணக்கில் இல்லை. திரும்பக் கையால் அடித்ததும் ஃபில்டரில் நுரை நின்று டீசல் தெளிவாக வந்தது. முதலில் ஃபில்டரின் ஸ்க்ரூ, பிறகு டீசல் பம்பின் ஸ்க்ரூ என்று வரிசையாகக் காற்றை எடுத்து மூடினார். கைப்பம்புக் குமிழையும் மறக்காமல் திருகி இறுக்கினார். அதைத் தளர்வாக விட்டால் அதன் வழியாகவே காற்று ஏறும்.

6. நாசில் வரை வருகிறதா? நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, துணி போர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் டீசல் துடித்துத் துடித்து வந்தது. நட்டுகளை இறுக்கினார். இந்த இடத்தில் கையையோ முகத்தையோ பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. நாசிலிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும். ஆனால் உள்ளே சதை அழுகிப் போகும். அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அடுத்த செல்ஃபில் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது. அதற்கடுத்ததில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் நான்கு சிலிண்டரில் தடுமாறி, பிறகு ஆறிலும் ஒழுங்காக ஓடியது. கேன் டீசலில் அரை மணி நேரம் ஓடவிட்டார். டீசல் பம்பும் நாசில்களும் நல்லபடி இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கோளாறு எங்கே இருந்தது?

டாங்கியிலிருந்து வரும் இரும்புக் குழாயையும் ஃபீட் பம்பையும் இணைக்கிற ஒரு முழம் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாக இருந்தது. கிளிப்பைக் கழற்றி வளைத்தபோது, கிளிப்புக்கு அடியில் சுற்றிலும் மயிர்க்கோடு போல வெடித்திருந்தது. எஞ்சின் அதிர்வில் அசைந்து, வெயிலில் காய்ந்து, நின்ற மாதங்களில் விறைத்துப் போன ரப்பர்.

டாங்கியின் அடி நட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது தண்ணீர். இரண்டு லிட்டர் இருக்கும். பின்னால் கறுப்புக் கூழ். டாங்கி பாதி காலியாக நின்றால், மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே போய், இரவுக் குளிரில் தகரத்தின் உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக இறங்கி அடியில் தங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் நுண்ணுயிர் வளர்ந்து கூழாகும். அதுதான் ஃபில்டரை அடைப்பது. டாங்கியை டீசல் விட்டு இரண்டு முறை அலசினார்கள். ஃபில்டர் இரண்டும் மாற்றினார்கள். கழற்றிய இடமெல்லாம் புதுக் காப்பர் வாஷர் போட்டார்கள்.

ஹோஸ், கிளிப், ஃபில்டர், வாஷர், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து நான்காயிரத்தைத் தாண்டவில்லை. அன்று மாலையே தோப்புக்கு ஒரு டேங்கர் தண்ணீர் போனது.

பம்பைக் கழற்ற வேண்டிய நேரம்

எல்லா வண்டியிலும் ஹோஸ்தான் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கேன் டீசலில், காற்றை முழுதும் எடுத்த பிறகும், நாசில் நட்டில் டீசல் வராவிட்டால் அப்போது டீசல் பம்பைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் கலந்த டீசல் மாதக்கணக்கில் நின்றால் பம்பின் உள் பிளஞ்சர்கள் துருப்பிடித்து இறுகும். அதை வீட்டில் தட்டிக் கழற்றக் கூடாது. ஒரு பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடைவெளி மயிரிழையைவிடக் குறைவு. ஒரு கீறல் விழுந்தால் அந்த ஜோடி வீண். பம்பை எஞ்சினிலிருந்து எடுக்கும் முன் டைமிங் குறியை மைப்பென்சிலால் போட்டுக்கொண்டு, சோதனை பெஞ்ச் வைத்திருக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் பீளமேடு போன்ற இடங்கள்.

அங்கே போகும்போது இந்த நான்கு விவரங்களைச் சொல்லுங்கள்: எத்தனை நாள் நின்றது, புகை வந்ததா, கையால் அடித்தால் நுரையா டீசலா, கேனில் மாட்டிப் பார்த்தீர்களா. இவற்றுக்குப் பதில் இருந்தால் எந்த மெக்கானிக்கும் உங்களிடம் தேவையில்லாத வேலையை நீட்ட யோசிப்பார்.

ஓடாத மாதங்களில் செய்ய வேண்டியது

வண்டியையோ ஆயில் எஞ்சினையோ நிறுத்தும் முன் டாங்கியை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் குறைந்தால் வியர்ப்பதும் குறையும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் ஓட்டுங்கள். மாதம் ஒரு முறை டாங்கியின் அடி நட்டைத் தளர்த்தி ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். ரப்பர் ஹோஸை விறைப்பு தெரிந்தவுடன் மாற்றுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் கிடைக்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதற்கு முன் 50. பழைய ரப்பர் வளையங்களும் சீல்களும் இந்த மாதிரி டீசல் மாற்றத்தின்போது சுருங்கிக் கசிவது உண்டு. முப்பது வருட வண்டியில் முப்பது வருட சீல் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: இதே முறையை டிராக்டருக்கும் செய்யலாமா?

பதில்: பழைய டிராக்டர்களுக்குப் பெரும்பாலும் செய்யலாம். பல டிராக்டர்களில் டாங்கி எஞ்சினைவிட உயரத்தில் இருப்பதால் குழாய் வெடித்தால் டீசல் ஒழுகி வெளியே தெரியும். அது நமக்கு வசதி. ஆனால் 2023 ஜனவரிக்குப் பிறகு வந்த, 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களில் காமன் ரெயில் எஞ்சின்கள் வருகின்றன. அவற்றில் நாசில் குழாய் நட்டைத் தளர்த்தவே கூடாது. குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், உயிருக்கே ஆபத்து. ஃபில்டரில் தண்ணீர் வடிப்பதோடு நிறுத்திக்கொண்டு கம்பெனி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வண்டி கிளம்பாதபோது ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி காட்டுகிறார்கள். ஈதர் ஸ்ப்ரேயும் அடிக்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டாம். இரண்டும் நேரம் தெரியாமல் வெடித்துப் பற்றும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் வளைந்து போகலாம், ஆளுக்கும் தீக்காயம் ஆகலாம். தவிர, டீசல் வராத எஞ்சின் அப்படி ஒரு நிமிடம் ஓடினாலும் மறுபடி நின்றுவிடும். கோளாறு அங்கேயே இருக்கும்.

கேள்வி: ராணுவ எஞ்சின் எந்த எண்ணெயிலும் ஓடும் என்கிறார்கள். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் செலவு குறையுமே?

பதில்: அந்த எஞ்சின் பற்றவைக்கிற விதத்தில் பல எரிபொருள்களைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் டீசல் பம்பின் பிளஞ்சருக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புப் போதாது. பம்ப் சீக்கிரம் தேயும். கலப்படம் சட்டப்படியும் குற்றம். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பார்த்துப் பம்பை இழக்க வேண்டாம்.

கேள்வி: தினமும் காலையில் மட்டும் கிளம்ப மறுக்கிறது. கையால் அடித்துவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது. ஏன்?

பதில்: கிணற்று ஃபுட்வால்வு பிடிக்காவிட்டால் ராத்திரியில் குழாய்த் தண்ணீர் இறங்கி, காலையில் மறுபடி தண்ணீர் ஊற்றி மோட்டார் போடுவோமே, அதே கதை. ஃபீட் பம்பின் உள்வால்வில் தூசி நின்றிருக்கலாம், அல்லது உறிஞ்சும் குழாயில் சிறு கசிவு இருக்கலாம். முதலில் ஹோஸையும் கிளிப்பையும் மாற்றுங்கள். சரியாகாவிட்டால் ஃபீட் பம்பைக் கழற்றி வால்வுகளைச் சுத்தமான டீசலில் கழுவி மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏலத்தில் கழித்த ராணுவ லாரி ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் தாளைப் பாருங்கள். ராணுவம் விற்றதற்கான ரசீதும், அதன்பின் கை மாறிய ஒவ்வொரு விற்பனைத் தாளும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவும் இல்லாவிட்டால் அந்த வண்டி சாலையில் ஏற முடியாது. பதிவு செய்ய முடியுமா என்று அந்த அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். தாள் சரியாக இருந்தால், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய், உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.